நாலு செம்பாக்காவுக்கு ஒரு பெரட்டு

ஈப்போவின் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில், லியாகத் அலியின் தேங்காய் நார்க் கம்பெனிக்கு எந்த சர்வர் சரி என்று கண்டுபிடித்தவன் நான். பெயர் சன்னாசி. வயது எழுபத்து மூன்று. வேலை, வாசல் காவல். அதற்கு முன் சுங்கை கெருவிங் ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கண்டக்டர். பால் வெட்டுகிறவர்களை மேய்க்கிற கண்டக்டர். புதிதாக வந்த சின்னத் தொரை ஒருவர் பஸ் கண்டக்டர் என்று நினைத்து என்னிடம் டிக்கெட் கேட்டார். கொடுத்தேன். அதை வைத்துக்கொண்டு அவர் தைப்பிங் வரை போய் வந்தார்.

இந்த இரண்டு வேலைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் தோட்டத்தையும் பார்த்ததில்லை, கம்ப்யூட்டரையும் பார்த்ததில்லை.

கம்பெனிக்குப் பாகான் டத்தோவிலிருந்து லாரியில் தேங்காய் மட்டை வரும். அதை நாராக்கி, கயிறும் மெத்தையும் செய்து விற்கிறோம். லூமுட்டில் கப்பல் கட்டுகிற கம்பெனி ஒன்று, கப்பலின் பக்கத்தில் உரசாமல் தொங்கவிட நார் மெத்தைகள் கேட்டது. அதற்கான கடிதத்தை எங்கள் ஆபீசில் ஆறு பேர் சேர்ந்து எழுதினார்கள். ஆறு பேரும் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்துத் திருத்தினார்கள். 'லூமுட் லாஸ்ட்', 'லூமுட் லாஸ்ட் புது', 'லூமுட் உண்மையான லாஸ்ட்', 'லூமுட் உண்மையான லாஸ்ட் கலா பாக்கல' என்று நகல்கள் பெருகின. கடைசியில் போனது எதுவோ ஒன்று. அதில் முதல் பக்கம் நாற்பது மெத்தை என்றது, மூன்றாம் பக்கம் நானூறு என்றது.

லூமுட்காரர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். இனிமேல் செம்பாக்கா என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் 'செம்பாக்கா ஆபீஸ் ஆன்லைன் சர்வர்' வைத்திருக்கும் கம்பெனிகளிடம் மட்டும்தான் கடிதம் வாங்குவார்களாம். அது இருந்தால் ஒரே கடிதத்தில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுதலாம், நகல் என்ற பேச்சே கிடையாதாம்.

லியாகத் அலி அந்தக் கடிதத்தைக் கோலாலம்பூரில் இருக்கும் தன் மருமகன் ஹைகலுக்குக் காட்டினார். ஹைகல் படித்த பையன். காலுறை போடாமல் சப்பாத்து போடுகிற அளவுக்குப் படித்தவன். அவன் கடிதத்தில் 'ஆன்லைன்' என்ற சொல்லை மட்டும் பார்த்தான்.

"மாமு, ஆன்லைன்னா எங்க உக்காந்தும் எழுதலாம். அப்பறம் ஈப்போவுல ஆபீஸ் எதுக்கு? கேஎல்-லுக்குக் கொண்டு வந்திருங்க. நான் பார்த்துக்கிறேன்."

லியாகத் அலி நியாயமான மனிதர். ஆபீசை நடத்துகிற கலாதேவியைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"கலா, வெள்ளிக்கிழமை நான் ஹைகல கூட்டிக்கிட்டு வாரேன். அதுக்குள்ள அந்தச் சாமான் இங்க ஓடணும். ஓடுச்சுன்னா ஆபீஸ் இங்கயே இருக்கட்டும். இல்லாட்டி மாசக் கடைசியோட கேஎல். நீயும் அங்க வரலாம், வேலை இருக்கு."

கலாவால் கோலாலம்பூர் போக முடியாது. அவள் அம்மா செல்லாயிக்கு வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். கொண்டு போய் விடவும் கூட்டி வரவும் கலாவை விட்டால் ஆள் இல்லை. இதை அவள் முதலாளியிடம் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு ஓடும் பாஸ்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு நாற்பத்து நாலு வயது, ஒரு பட்டியலை இரண்டு தடவை படிக்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

ஈப்போ கம்ப்யூட்டர் கடை அனுப்பிய பட்டியலை அவள் நாலு தடவை படித்தாள். பிறகு என் காவல் கொட்டகைக்கு எடுத்து வந்தாள்.

"மாமா, இதப் பாருங்க. எல்லாம் ஒரே பேரு மாதிரிதான் இருக்கு. பின்னாடி மட்டும் இருபத்திநாலு, இருபத்தொண்ணு, பதினெட்டுன்னு போட்டிருக்கான்."

"நட்ட வருஷமா?"

"அப்படித்தான் போல."

இங்கே நான் எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு காட்டுக்கும் அது நட்ட வருடம்தான் பெயர். ஐம்பத்தொண்ணாம் காடு, அறுபத்திரெண்டாம் காடு. ஐம்பத்தொன்றில் நட்ட மரங்களை எழுபத்தெட்டில் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைத்தார்கள், பெயரை மட்டும் சாய்க்க மறந்துவிட்டார்கள். புது டிவிசன் பழைய டிவிசனைவிட ஒன்பது வருடம் மூத்தது. மேல் டிவிசன் பள்ளத்தில் இருந்தது. ஒரு தொரை எழுபத்தெட்டாம் வருடம் புது டிவிசனைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எண்பத்தொன்றில் பழைய டிவிசனில் வந்து இறங்கினார். மோட்டார் சைக்கிள் அவருக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. அதைப் பற்றி அவர் எதுவும் பேச விரும்பவில்லை.

ஆகவே பெயரையும் வருடத்தையும் பார்த்துப் பயப்படுகிற ஆள் நான் இல்லை.

"இதுல என்னா யோசனை?" என்றேன். "இருபத்திநாலு இப்பத்தான் கன்னு. இருபத்தொண்ணு முழங்கை தடிமன்கூட வந்திருக்காது. நட்டு ஏழு வருஷம் ஆனாத்தானே வெட்டுக்கு வரும்? பதினெட்ட எடு. இந்த வருஷம்தான் முதல் வெட்டு. பால் சும்மா ஊத்தும்லா."

வேறு ஊர்க்காரியாக இருந்தால் சிரித்திருப்பாள். கலா சிரிக்கவில்லை. செல்லாயி எங்கள் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் பால் வெட்டியவள், கலா தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்தவள். இளமரத்தில் கத்தி வைத்தால் மரம் கெட்டுப்போகும் என்பதை அவள் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்றுக்கொண்டவள். தலையை ஆட்டினாள். 2018-க்கே ஆர்டர் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கடைக்காரப் பையன் பவித்ரன் பெட்டியோடு வந்தான். பையன் என்றாலும் முப்பது வயது, கழுத்துப்பட்டை எல்லாம் உண்டு.

"கலாக்கா, எல்லாரும் புதுசு கேக்குறாங்க, நீங்க மட்டும் ஏன் பதினெட்டு கேட்டீங்க? இது வர்ற அக்டோபரோட சரி. அப்பறம் வைரஸ் வந்தாக்கூட கம்பெனிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான்."

"என்னாது? இப்பத்தானே வெட்டுக்கு வருது?"

"எதுக்கு வருது?"

கலா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். வானம் நன்றாக இருந்தது.

"சாஃப்ட்வேருக்கு வயசு ஏற ஏற மவுசு கொறையும்கா" என்றான் பவித்ரன். "ரப்பர் மரம் மாதிரி இல்ல."

"யாரு ரப்பர்னு சொன்னது?" என்றாள் கலா. விட்டுக்கொடுக்கிற பெண் இல்லை அவள். என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை, அப்போதைக்கு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பெட்டியின் மேல் 'செம்பாக்கா ஆபீஸ் சர்வர்' என்று எழுதியிருந்தது. லூமுட்காரர்கள் கேட்டது 'செம்பாக்கா ஆபீஸ் ஆன்லைன் சர்வர்'. பெட்டியைப் பிரிக்காததால் மாற்றித் தரலாம் என்றான் பவித்ரன். எதற்கு மாற்றுவது என்று கலா கேட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினான்.

"ஆபீஸ்னா ஆபீஸ். ஆபீஸ் சர்வர்னா சர்வர்ல ஓடுற ஆபீஸ். ஆபீஸ் ஆன்லைன்னா சர்வர் இல்லாம ஆன்லைன்ல... இல்லக்கா, அதுலயும் சர்வர் இருக்கு, ஆனா அது நம்ம சர்வர் இல்ல. அப்ப ஆன்லைன் சர்வர்னா... இருங்க. முதல்லேருந்து வாரேன்."

மூன்று தடவை முதலிலிருந்து வந்தான். மூன்றாம் தடவை அவனே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

இந்த இடத்தில்தான் பெரட்டு வைக்கலாம் என்று நான் சொன்னேன். கலா, தான் சொன்னதாகச் சொல்வாள். அவள் சொன்ன நேரத்தில் நான் பக்கத்தில் நின்றேன், அது போதும்.

தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள்கள் எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. அதற்குச் சட்டம் ஒன்றே ஒன்று. அவரவர் பேருக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். பொண்டாட்டி பேருக்குப் புருஷன் குரல் கொடுத்தால் செல்லாது. இந்த விஷயத்தில் பால் வெட்டுகிற ராக்காயியை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு நாள் தவறாமல் பேர் கொடுப்பாள். செத்த மறுநாளும் கொடுத்தாள், அவள் குரலேதான், வரிசையில் எல்லாரும் கேட்டோம். கத்தி கொண்டு வராததால் கணக்கு எழுதுகிற கிராணி அரைநாள் சம்பளம் மட்டும் போட்டார்.

பவித்ரனின் கோளாறு கலாவுக்குப் புரிந்துவிட்டது. நாலு பேருக்கும் அவன் ஒருத்தனே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருத்தன் நாலு பேருக்குப் பதில் சொன்னால் நாலு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

புதன்கிழமை காலை, லாரி நிறுத்துகிற முற்றத்தில் பெரட்டு. நாலு காகிதத்தில் நாலு பெயர். லாரி ஓட்டுகிற பத்துமலை கையில் 'செம்பாக்கா ஆபீஸ்'. மெத்தை தைக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஷஹீதா கையில் 'செம்பாக்கா ஆபீஸ் ஆன்லைன்'. ஸ்டோர் ஜெயபாலன் கையில் 'செம்பாக்கா ஆபீஸ் சர்வர்'. நாலாவது ஆள் இல்லாததால் 'செம்பாக்கா ஆபீஸ் ஆன்லைன் சர்வர்' பவித்ரனுக்கே போனது. ஒவ்வொருவருக்கும் அந்தந்தச் சாமானின் விளக்கத் தாளையும் கலா கொடுத்தாள்.

"கேக்குற கேள்விக்கு அந்தத் தாள்ல என்னா இருக்கோ அதத்தான் சொல்லணும்" என்றாள். "சொந்தச் சரக்கு வேணாம். பக்கத்து ஆளுக்குப் பதில் சொன்னா வரிசைய விட்டு வெளிய போயிரணும்."

"அக்கா, நான் விக்கிறவன்" என்றான் பவித்ரன். "எனக்குத் தாள் வேணாம்."

"நேத்து பார்த்தமே நீ வித்தத" என்றான் பத்துமலை. "தாள புடி மச்சான்."

நான் நாலு பெயரையும் உரக்கக் கூப்பிட்டேன். நாலு பேரும் இருக்கேன் என்றார்கள். அதன்பின் கலா வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். செல்லாயி வரிசையில் நின்ற காலத்தில் இப்படி ஒரு குரல் எதிரில் இருந்திருந்தால் தோட்டத்தில் கண்டக்டரே தேவைப்பட்டிருக்காது.

"செம்பாக்கா ஆபீஸ்! எங்க குடியிருக்க?"

பத்துமலை தாளில் விரலை வைத்துத் தேடினான். "ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டர்லயும் தனித்தனியா குடியிருக்கேன்."

"ஒரே கடிதத்துல ஆறு பேரு ஒண்ணா எழுதலாமா?"

"முடியாது. ஒருத்தருதான். மத்தவங்க நகல் எடுத்துக்கணும்."

"அதத்தான் இப்ப வச்சிருக்கோம். நீ போ."

பத்துமலை நிம்மதியாகப் போய் லாரி நிழலில் உட்கார்ந்தான்.

"ஆபீஸ் ஆன்லைன்! நீ எங்க குடியிருக்க?"

"செம்பாக்கா கம்பெனியோட மெஷின்ல" என்றாள் ஷஹீதா. "எந்த நாடுன்னு போடலக்கா."

"இன்டர்நெட் லைன் போச்சுன்னா வேலைக்கு வருவியா?"

ஷஹீதா தாளைத் திருப்பிப் பார்த்தாள். "வர மாட்டேன்."

ஈப்போவில் பிற்பகல் மழை வராத நாளை விரல் விட்டு எண்ணலாம். மழை வந்தால் எங்கள் தெருவில் லைன் போகாத நாளுக்கு விரலே தேவையில்லை.

"நீயும் போ. ஆபீஸ் சர்வர்!"

ஜெயபாலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். "கலா, இங்க வேற மாதிரி எழுதியிருக்கு. 'இந்தப் பேர் 2018-ஓட நிறுத்தப்பட்டது. 2021-லேருந்து இதுக்கு ஆன்லைன் சர்வர்னு பேரு.'"

"அப்ப ரெண்டும் ஒண்ணா?"

"தாள் அப்படித்தான் சொல்லுது."

ஐம்பத்தொண்ணாம் காடு மாதிரி என்று நான் சொன்னேன். இங்கே மரம் அப்படியே இருக்க, பெயரைச் சாய்த்திருக்கிறார்கள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் வரிசையில் மிச்சமிருந்த பவித்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தன் தாளை வாழ்க்கையில் முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது.

"ஆன்லைன் சர்வர். எங்க குடியிருக்க?"

"அக்கா..."

"எங்க குடியிருக்க?"

"வாங்குறவரோட மெஷின்ல. அவரோட சொந்தக் கட்டடத்துக்குள்ள." அவன் நிமிர்ந்தான். "வெளி லைன் போனாலும் கட்டடத்துக்குள்ள இருக்கறவங்க எல்லாரும் ஒண்ணா எழுதலாம். நகல் கெடையாது. 2024-ன்னா இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கம்பெனி பாத்துக்கும்."

"அப்ப அது பேருல ஆன்லைன் எதுக்கு?"

"தெரியலக்கா. தாள்ல போடல."

"சரி" என்றாள் கலா. "பதினெட்ட எடுத்துக்கிட்டுப் போ. இதக் கொண்டா. இன்னிக்கே."

ஆறு வருடமாக இதே சாமானை விற்றுவருகிற பவித்ரன், போகும்போது நாலு தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை முழுவதும் ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் அவனும் கலாவும் மெஷினோடு மல்லுக்கட்டினார்கள். நானும் இருந்தேன். ஒரு திருப்புளி கீழே விழுந்தபோது அதை எடுத்துக் கொடுத்தது நான்தான். மாலை ஐந்து மணிக்கு ஆறு பேரும் ஒரே கடிதத்தைத் திறந்தார்கள். ஒருவர் எழுதுவது மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்தது. முதல் வாக்கியமாக 'யாரு என் காப்பிக் கப்ப எடுத்தது' என்று யாரோ எழுதினார்கள். யார் எழுதியது என்பதும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து லியாகத் அலி வந்தார். கூடவே ஹைகல், கையில் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு லேப்டாப்.

"மாமு, நான் காட்டுறேன்" என்றான் ஹைகல். "செம்பாக்கா ஆபீஸ் ஆன்லைன். பதிஞ்சு வச்சிட்டேன். இனிமே எல்லாம் கேஎல்-லேருந்தே."

"லூமுட்ல கேட்டது ஆன்லைன் சர்வர்" என்றாள் கலா.

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. பேருதான் கொஞ்சம் முன்ன பின்ன."

அந்த நேரத்தில் மழை பிடித்தது. ஜெலாப்பாங் மழையைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஒரு துளி லியாகத் அலியின் காரின் மேல் விழுந்தது, காரின் அபாய மணி அடித்தது. இன்னொரு துளி எதிர்க் கடை நாயின் மேல் விழுந்தது, அது அன்றிலிருந்து காரைத் துரத்துவதில்லை. மூன்றாவது துளியில் தெருவின் இன்டர்நெட் லைன் போனது.

ஹைகலின் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

"இப்ப வந்திரும்" என்றான்.

பத்து நிமிடம் சுற்றியது. லியாகத் அலி அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஆபீசுக்குள் போனார். உள்ளே ஆறு பேரும் லூமுட் கடிதத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது என்று ஒருவர் போட, எதிர் மேசையிலிருந்து ஷஹீதா, "நாப்பத்தஞ்சு அண்ணே, நேத்து மாத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே தன் கம்ப்யூட்டரிலிருந்து அதே எண்ணைத் திருத்தினாள்.

"இங்க லைன் இருக்கா?" என்று கேட்டார் லியாகத் அலி.

"இல்ல பாஸ். வெளி லைன் போயிருச்சு. இது நம்ம மெஷின்ல ஓடுது. மழை விட்டதும் லூமுட்டுக்கு அனுப்பிரலாம்."

அவர் லூமுட் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ஸ்டோருக்குப் பக்கத்து அறைக்குப் போய் மெஷினையும் அதன்மேல் ஒட்டியிருந்த பெயரையும் பார்த்தார். திரும்பி வந்து மருமகனைப் பார்த்தார். ஹைகல் கெட்டிக்காரன்தான், சட்டென்று வேறு பக்கமாக வந்தான்.

"சரி மாமு. அப்ப அந்த மெஷினையே கேஎல்-லுக்குக் கொண்டு போயிரலாமே? காரு டிக்கியிலயே வைக்கலாம்."

லியாகத் அலி யோசித்தார். ஆபீசில் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது. கலா தன் கைப்பையை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள். மூன்றரைக்கு அவள் செல்லாயியைக் கூட்டி வரப் போக வேண்டும்.

"கொண்டு போலாம் பாஸ்" என்றாள். "ஆனா லைன் போனா, மெஷின் எந்தக் கட்டடத்துல இருக்கோ அந்தக் கட்டடத்து ஆளுங்கதான் எழுத முடியும். பாகான் டத்தோ லாரி வந்து எடை போடுறது இங்க. மெத்தைய எண்ணுறது இங்க. எத்தனைன்னு தெரிஞ்சவங்க இங்க இருந்துகிட்டு, எழுதுறவங்க அங்க இருந்தா, மறுபடியும் நாப்பதும் நானூறும்தான். நீங்களே சொல்லுங்க."

லியாகத் அலி மருமகனிடம் திரும்பினார். "நம்ம குடோன்ல இப்ப எத்தனை மெத்தை இருக்கு வாப்பா?"

ஹைகல் லேப்டாப்பைப் பார்த்தான். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"முன்னூத்திப் பன்னெண்டு" என்றாள் ஷஹீதா, யாரும் கேட்காமலே.

"ஆபீஸ் இங்கயே இருக்கட்டும்" என்றார் லியாகத் அலி. "கலா, அந்த ரூம் சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட பாஸ்."

"உன்கிட்டயே இருக்கட்டும். அந்த மெஷினுக்குச் சூடு ஆகாதுன்னு சொல்றாங்களே, திங்கக்கிழமை ஒரு ஏர்கான் மாட்டச் சொல்லு." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, ராத்திரி பகல் பாராம அந்த ரூமப் பாத்துக்குங்க."

கலா மூன்று இருபதுக்குக் குடையை விரித்துக்கொண்டு காருக்கு ஓடினாள். கொட்டகையைத் தாண்டும்போது மட்டும் நின்றாள்.

"மாமா, பதினெட்டாம், முதல் வெட்டாம். வீட்டுல அம்மாகிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு" என்றேன். "நான்தான் வேணும்னே பதினெட்டச் சொன்னேன். அது வராட்டி பெரட்டு ஏது?"

அவள் சிரித்த சிரிப்பு மழையிலும் கேட்டது. நான் சொன்னது உண்மையா என்று கேட்காதீர்கள், அன்றிலிருந்து நான் அதைப் பதினேழு பேரிடம் சொல்லிவிட்டேன், இப்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஏர்கான் திங்கட்கிழமையே வந்தது. பதினெட்டு டிகிரி, இரவும் பகலும். என் நாற்காலியைக் கொட்டகையிலிருந்து எடுத்து அந்த அறைக் கதவுக்கு நேராகப் போட்டிருக்கிறேன். கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி. முதலாளி சொன்னபடி அந்த மெஷினை விட்டு நகர்வதே இல்லை. போன வாரம் பத்துமலை எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்து கொடுத்தான்.